பள்ளியில் துன்புறுத்தல்: எதை எழுதுவது, எப்படி எழுதுவது, யாரிடம் சொல்வது?

நடுநிலை வகுப்புகளுக்குப் பொறுப்பான ஓர் ஆசிரியரின் கேள்வி இது: "மாணவர்களுக்குள் நடக்கும் துன்புறுத்தல்களுக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் போடும் எல்லாச் சண்டையையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? எப்படி எழுதுவது, யாருக்குத் தெரிவிப்பது? எழுத ஆரம்பித்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று சக ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். போதாக்குறைக்கு, பிள்ளைகளும் எதையும் சொல்ல வருவதில்லை."

முதலில் ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்துவிடுகிறேன். எழுதுகிற நேரத்தில் "இது துன்புறுத்தல்தானா?" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் முடியாது. இந்தத் துறையில் 1970களிலேயே ஆய்வைத் தொடங்கியவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ். அவர் வகுத்த மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரிடம் செய்வது. இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். ஒரே ஒரு சம்பவத்தைப் பார்த்தவருக்கு அது எத்தனையாவது முறை என்று எப்படித் தெரியும்? திங்கட்கிழமை கணக்கு ஆசிரியர் ஒரு பேனா பிடுங்கப்படுவதைப் பார்க்கிறார். புதன்கிழமை விளையாட்டு ஆசிரியர், எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை பள்ளிப் பேருந்தின் உதவியாளர் காதில் ஒரு பட்டப்பெயர் விழுகிறது. மூவருமே "சின்ன விஷயம்" என்று விட்டுவிடுகிறார்கள். அவரவர் பார்த்த அளவில் அது சின்ன விஷயம்தான். மூன்றும் ஒரே பிள்ளைக்கு நடந்தது என்பது, மூன்றும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே தெரியவரும். பதிவேடு வைப்பது அதற்காகத்தான்.

வட அயர்லாந்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2016இல் நிறைவேறி, 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உறுதியான துன்புறுத்தல்களோடு, அப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறவற்றையும் பள்ளிகள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. என்ன காரணத்தால் நடந்ததாகத் தெரிகிறது, எந்த வழியில் நடந்தது, பள்ளி என்ன செய்தது என்ற மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். தனியே ஒதுக்கி வைப்பதுபோல, "எதையும் செய்யாமல்" செய்யும் கொடுமையும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. கையில் காயம் இல்லாததால் பல பள்ளிகள் எழுதாமல் விடுவது இந்த வகையைத்தான்.

அப்படியானால் எல்லாச் சண்டையையும் எழுத வேண்டுமா? வேண்டாம். சம பலமுள்ள இருவர் பந்துக்காகக் கட்டிப் புரண்டு, அடுத்த இடைவேளையில் தோளில் கைபோட்டுக்கொண்டு போனால் அதை விட்டுவிடலாம். பலர் சேர்ந்து ஒருவரைச் சூழ்ந்திருந்தால் எழுதுங்கள். ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டதும் "இவனா, மறுபடியுமா?" என்று உங்களுக்கே தோன்றினால் எழுதுங்கள். சாதி, மதம், நிறம், உடற்குறை, பேச்சுக்குறை, ஆண்பிள்ளைத்தனம் பெண்பிள்ளைத்தனம் என்று எதையாவது குத்திக்காட்டியிருந்தால் ஒரே முறை நடந்திருந்தாலும் எழுதுங்கள். பிள்ளையோ பெற்றோரோ புகார் என்று வந்துவிட்டால், உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எழுதியே ஆக வேண்டும். சந்தேகமான இடத்தில் இரண்டு வரி போதும். யாரும் கட்டுரை கேட்கவில்லை.

இனி எப்படி எழுதுவது என்பது. பள்ளிப் பதிவேடுகளைப் படித்துப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் பதிவு இந்த மாதிரி இருக்கும்:

"7ஆம் வகுப்பு மாணவன் க, மாணவன் ம-வைக் கேலி செய்து வம்பிழுத்தான். கூப்பிட்டுக் கண்டித்தேன். மன்னிப்புக் கேட்டான். பிரச்சினை தீர்ந்தது."

இதை ஆறு மாதம் கழித்துப் படிக்கிற ஒருவருக்கு ஒன்றுமே தெரியாது. என்ன கேலி? எங்கே? எத்தனை பேர்? நீங்கள் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? அதே சம்பவத்தை இப்படியும் எழுதலாம்:

"செவ்வாய், காலை 10.40. முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பம். க, ச, த மூவரும் வழியை மறித்து நின்றனர். ம கீழே இறங்க முயன்றார். க அவருடைய பையைப் பிடித்து இழுத்தார், வார் அறுந்தது. ச, 'திக்குவாயா, உன் பேரைச் சொல்லிட்டுப் போடா' என்றார். த சிரித்தார், எதுவும் பேசவில்லை. ந, ப இருவரும் கீழ்ப்படியில் நின்று பார்த்தனர். இதுவரை நான் நேரில் கண்டது, கேட்டது. பிறகு தனியாகக் கேட்டபோது ம சொன்னது: 'தினமும் இங்கதான் நிப்பாங்க சார்.' அடுத்த பாடவேளைக்கு ம 15 நிமிடம் தாமதமாக வந்ததாக வகுப்பாசிரியர் சொன்னார். எழுதிய நேரம்: அதே நாள் 11.25."

நீளம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஆனால் "திக்குவாயா" என்ற அந்த ஒரு சொல், இது பேச்சுக்குறையைக் குறிவைத்த தாக்குதல் என்று காட்டிவிடுகிறது. "தகாத வார்த்தை பேசினான்" என்று நாகரிகமாக எழுதியிருந்தால் அது மறைந்து போயிருக்கும். வசைச் சொல்லை அப்படியே எழுதக் கூச்சப்படாதீர்கள். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது உங்கள் சொல் இல்லை. "தினமும் இங்கதான்" என்றதும், நாளை 10.40க்கு அந்தத் திருப்பத்தில் ஒரு பெரியவரை நிறுத்தலாம் என்று தெரிந்துவிடுகிறது. சிரித்த த, நின்று பார்த்த ந, ப ஆகியோர் விசாரணைக்கு வேண்டியவர்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்தது, அந்தப் பிள்ளை எங்கோ ஒளிந்து நின்று தன்னைச் சரிசெய்துகொண்டதன் அடையாளமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதைப் பதிவில் எழுத வேண்டாம்; தாமதத்தை மட்டும் எழுதுங்கள், மற்றதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பதிவில் ஒருவரைக்கூடக் "குற்றவாளி" என்றோ "போக்கிரி" என்றோ சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் மேல் ஒட்டப்படும் பெயர் லேசில் உரியாது. தவிர, இன்று தொல்லை தருகிறவன் இன்னொரு பதிவில் தொல்லைக்கு ஆளானவனாக இருப்பது வெகு சாதாரணம். என்ன செய்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அன்றே எழுதிவிடுவது நல்லது. முடியாமல் போனால், நடந்த தேதியையும் எழுதிய தேதியையும் தனித்தனியே குறியுங்கள். பின்னால் திருத்த நேர்ந்தால் பழையதை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசிய ஒரு வரி போதும், முழுப் பதிவேட்டையும் சந்தேகிக்க வைத்துவிடும். காயம் இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று எழுதுங்கள். சொந்த செல்போனில் பிள்ளையின் உடம்பைப் படம் பிடிக்காதீர்கள். காகிதப் பதிவேடா, கணினியா என்று கேட்பவர்களுக்கு: எதுவாக இருந்தாலும் சரி, எல்லோரும் ஒரே இடத்தில் எழுத வேண்டும். பேருந்து உதவியாளரும் நூலகரும் துப்புரவுப் பணியாளரும்கூட. யாரும் கவனிக்காத மூலைகளில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளிடம் விசாரிக்கும்போது கேள்வியிலேயே பதிலை வைத்துவிடாதீர்கள். "அவன் உன்னை அடிச்சானா?" என்று கேட்டால் "ஆமா" என்றோ "இல்ல" என்றோதான் வரும். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் மீதி தானாக வரும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "இப்ப சொல்லு, யார் பொய் சொல்றது?" என்பது பள்ளிகளில் நெடுநாளாக இருக்கும் பழக்கம். அதைவிட மோசமான விசாரணை முறை இல்லை. பலம் குறைந்த பிள்ளை அங்கேயே "ஒண்ணும் இல்ல சார்" என்று பின்வாங்கிவிடும். நாமும் அதை வாக்குமூலமாக எழுதிக்கொள்வோம். பிள்ளை எழுதித் தருவது அதன் சொந்த நடையில், பிழைகளோடு இருக்கட்டும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலம் படித்ததுமே தெரிந்துவிடும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை "மேற்படி மாணவன்" என்று எழுதாது. இன்னொன்று, "நீ சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதுதான் உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

செல்போன் வழியாக நடப்பதற்கு நல்ல தடயம் உண்டு, ஆனால் சீக்கிரம் மறைந்துவிடும். செய்தியை அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், குழுவின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். முன்பின் உரையாடலையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒற்றை வரியை வெட்டி எடுத்தால், "அவனும் பதிலுக்குத் திட்டினானே" என்ற வாதம் வந்து நிற்கும். அசலை அழிக்காமல் வைத்திருக்கட்டும். இதில் ஒரு விலக்கை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்: ஒரு பிள்ளையின் ஆடையற்ற படமோ காணொளியோ சுற்றிக்கொண்டிருந்தால் அதை நீங்கள் நகலெடுக்கவோ, சேமிக்கவோ, தலைமையாசிரியருக்கு அனுப்பவோ கூடாது. ஆதாரத்துக்காக என்றாலும் பல நாடுகளில் அது கடும் குற்றம். படம் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று யார் சொன்னார் என்பதை மட்டும் எழுதிவிட்டு, உடனே காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவியுங்கள். பாலியல் சீண்டல், ஆயுதம், பணம் பறிப்பு, கடுமையான காயம் ஆகியவற்றுக்கும் அன்றைய தினமே வெளியே சொல்லியாக வேண்டும். உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளை உயிரை விட்டுவிடுவேன் என்ற பொருளில் எதையாவது சொன்னால், பதிவேடு அப்புறம். முதலில் பிள்ளையைத் தனியே விடாமல் பெற்றோரை வரவழைத்து, உதவிக்கு ஆள் சேருங்கள்.

மற்றவற்றை யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்வது? உங்கள் ஊர்ச் சட்டமும் துறை விதிகளும் என்ன சொல்கின்றனவோ அதுதான் முதல். விதி இல்லாத இடத்தில் பள்ளியே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2011இல் வந்த சட்டம் நல்ல முன்மாதிரி. சம்பவத்தைப் பார்த்த அல்லது கேள்விப்பட்ட பணியாளர் அன்றே தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். 2 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தகவல் வந்த ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணையைத் தொடங்கி, எழுத்தில் தந்ததிலிருந்து 10 பள்ளி நாட்களுக்குள் முடிக்க வேண்டும். நார்வேயில் இன்னொரு விதி: தலைமையாசிரியரிடம் சொல்லி ஒரு வாரமாகியும் சரியாகவில்லை என்றால், மாணவரோ பெற்றோரோ பள்ளிக்கு வெளியே உள்ள மாவட்ட நிர்வாகத்திடம் நேரடியாகப் போகலாம். வெளிக்கதவு ஒன்று திறந்திருப்பது தெரிந்தால் உள்ளே வேலை வேகமாக நடக்கிறது. ஆசிரியரே ஒரு பிள்ளையைத் துன்புறுத்துவதாகப் புகார் வந்தால், அந்த ஆசிரியரோ அவருக்கு நெருக்கமானவரோ விசாரிக்கக் கூடாது. அந்தப் புகார் நேராக மேலே போக வேண்டும்.

பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். ஓய்வறை மேசையில் கிடக்கும் பதிவேடு ஒரு வாரத்தில் ஊர்க்கதையாகிவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு "உங்கள் பிள்ளையின் பாதுகாப்புக்கு இதையெல்லாம் செய்திருக்கிறோம்" என்று விவரமாகச் சொல்லலாம். எதிர்ப்பக்கப் பிள்ளைக்கு என்ன தண்டனை, அவன் வீட்டில் என்ன சிக்கல் என்பதைச் சொல்லக் கூடாது. அவர்கள் கோபப்படுவார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சொல்லக் கூடாது. அதே நேரம், எழுதுகிற ஒவ்வொரு வரியையும் ஒருநாள் அந்தப் பெற்றோரோ நீதிபதியோ படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

"தீர்ந்தது" என்ற கட்டத்தை அன்றே நிரப்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாகப் பார்த்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு, அந்தப் பதிலை அதன் சொற்களிலேயே எழுதுங்கள். கண்டித்த பிறகு தொல்லை நிற்பதும் உண்டு, ஆசிரியர் கண்ணில் படாத இடத்துக்கு மாறுவதும் உண்டு. இரண்டும் அன்றைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இப்போது சக ஆசிரியர்களின் பயத்துக்கு வருகிறேன். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பதிவேடுகள் சாவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணிக்கை கூடினால் பள்ளி மோசம், பூச்சியம் என்றால் பள்ளி உத்தமம் என்று மேலிடம் கணக்குப் போட்டால், எந்தத் தலைமையாசிரியர் எழுதவிடுவார்? இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அங்கே 2005 கல்வியாண்டில் பள்ளிகள் அரசுக்குத் தெரிவித்த சம்பவங்கள் சுமார் 20,000. அடுத்த ஆண்டு சுமார் 1,25,000. ஒரே ஆண்டில் பிள்ளைகள் ஆறு மடங்கு கெட்டுப்போகவில்லை. துன்புறுத்தப்படும் பிள்ளை அதை எப்படி உணர்கிறது என்பதை முன்வைத்து விளக்கத்தை மாற்றினார்கள். "நடந்தவை" என்ற தலைப்பில் இருந்த கணக்கு, "பள்ளி கண்டறிந்தவை" என்று ஆனது. 2013இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 2023 கல்வியாண்டில் எண்ணிக்கை 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதிகமாகக் கண்டறியும் பள்ளி கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது என்றே அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் எடுத்துக்கொள்கிறது. பூச்சியம் என்று சொல்லும் பள்ளி, அந்தப் பூச்சியத்தை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் வெளிப்படையாக அறிவித்து, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று சரிபார்க்க வேண்டும். நினைத்துப் பாருங்கள்: வகுப்பில் நின்று "நம் பள்ளியில் இந்த ஆண்டு ஒன்றுமே நடக்கவில்லை" என்று படித்துக் காட்ட வேண்டும், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பிள்ளைகளே. பொய்ப் பூச்சியம் அங்கே நிற்காது.

கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது துன்புறுத்தப்பட்டதாக உலகளவில் ஏறக்குறைய மூன்று மாணவர்களில் ஒருவர் சொல்வதாக யுனெஸ்கோவின் 2019 அறிக்கை கூறுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு, சில நூறு பேர் படிக்கும் பள்ளியில் ஆண்டு முழுக்க வெறுமையாகக் கிடக்கும் பதிவேட்டைப் பாருங்கள். சக ஆசிரியர்களிடம் நான் வைக்கும் யோசனை இதுதான்: ஆண்டுக்கு இரண்டு முறை பெயர் எழுதாத ஒரு சிறு கேள்வித்தாளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதில் "எனக்கு நடந்தது" என்றவர்கள் எத்தனை, பதிவேட்டில் உள்ளவை எத்தனை? இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைகிறதா என்பதுதான் பள்ளியின் மதிப்பெண். பதிவேட்டின் எண்ணிக்கை முதல் ஆண்டில் ஏறத்தான் செய்யும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே, எழுத்திலேயே சொல்லிவையுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து மொத்தமாகப் படிக்க வேண்டும், பெயர் வாரியாக ஒருமுறை, இடம் வாரியாக ஒருமுறை, நேரம் வாரியாக ஒருமுறை. ஒரு நடைபாதையோ, கழிப்பறையோ, விளையாட்டுப் பாடவேளைக்குப் பிந்தைய பத்து நிமிடமோ திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பல சமயம் எந்தப் பிள்ளையையும் கண்டிக்காமல், பாடவேளை அட்டவணையை லேசாக மாற்றியே பாதியைச் சரிசெய்துவிடலாம்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் வீட்டில் தனியாக ஒரு குறிப்பு வையுங்கள்: தேதி, பிள்ளை சொன்ன சொற்கள், கிழிந்த சட்டை, தொலைந்த பொருள், பள்ளிக்குப் போக மறுத்த நாட்கள். பள்ளியில் நேரில் பேசினாலும் அன்று மாலையே, "இன்று இதைச் சொன்னேன், இதைச் செய்வதாகச் சொன்னீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள்?" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாசலில் காத்திருந்து அடுத்தவர் பிள்ளையை நீங்களே விசாரிக்கப் போக வேண்டாம். அன்றிலிருந்து நீங்கள் எதிர்ப்பக்கத்தின் புகாராகிவிடுவீர்கள், உங்கள் பிள்ளையின் விஷயம் பின்னுக்குப் போய்விடும்.

கடைசியாக, பிள்ளைகள் சொல்ல வருவதில்லை என்றீர்கள். "போட்டுக் கொடுக்கிறவன்" என்ற பெயருக்குப் பயந்துதான். நடைபாதையில் புகார்ப் பெட்டி வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எல்லோர் கண்முன்னும் அதில் சீட்டுப் போடப் போகிறவன் யார் என்று முழுப் பள்ளிக்கும் தெரியும். சில நாளில் அதில் மிட்டாய்க் காகிதம்தான் கிடக்கும். அதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு நாள், கடைசிப் பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டைக் கொடுங்கள். எல்லோரும் எழுத வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் இந்த வாரம் படித்ததில் பிடித்தது எது என்று இரண்டு வரி எழுதட்டும். அப்போதுதான் யார் பேனா அதிக நேரம் ஓடியது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிடிபடாது. தனக்கு நடந்தது, அடுத்தவருக்கு நடந்து தான் பார்த்தது, இரண்டையும் எழுதலாம் என்று சொல்லுங்கள். பார்த்தவர்கள்தான் முதலில் எழுதத் தொடங்குவார்கள். பெயர் போடுவது அவரவர் விருப்பம். மடித்த சீட்டுகளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், மாணவர் தலைவனைச் சேகரிக்க விடாதீர்கள். ஒரு சீட்டில் ஏதாவது இருந்தால் மறுநாள் காலையிலேயே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விடாமல், இரண்டு மூன்று பேரோடு சேர்த்து வேறு ஏதாவது வேலையாக அழைத்து, அதற்கிடையில் பேசுங்கள்.

முதல் சில வாரங்களுக்குச் சீட்டில் ஒன்றும் வராது. சோதித்துப் பார்ப்பதற்காக, "மூணாவது குழாயில தண்ணி வரல" என்று யாராவது எழுதுவார்கள். அந்தக் குழாயை உடனே சரிசெய்துவிடுங்கள்.